பெயரை நம்பிக் கொடுத்த பணம்

இராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து துறைமுகத்தை இடப்புறமாக வைத்துத் தெற்கு நோக்கி வருவோருக்கு, வெள்ளைக்கார வர்த்தகர்களின் பழைய மாளிகைகள் தென்படும். முன்னாளில் முதல் கடற்கரைச் சாலை என்றும் இன்று ராஜாஜி சாலை என்றும் வழங்கும் அவ்வீதியில்தான் அர்பத்நாட் கம்பெனி கொலுவீற்றிருந்தது. பாரி, பின்னி, அர்பத்நாட் என்னும் மூன்று பெயர்களில் மூன்றாவதே மிகவும் உறுதியானது என்பது சென்னைவாசிகளின் துணிபு. 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமையன்று அந்தக் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

உத்தியோகஸ்தர்களும், சிறு வியாபாரிகளும், ஆயுட்காலச் சேமிப்பை வட்டிக்கு விட்டவர்களும் ஒரே நாளில் கையறு நிலையை அடைந்தார்கள். அவர்களிடம் சூதாட்ட ஆசை இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. பத்திரமான இடத்தில் பணத்தை வைத்திருப்பதாகவே அவர்கள் எண்ணினார்கள். ஆனால் பணம் சென்னையில் தங்கவில்லை. லண்டனிலிருந்த கூட்டாளி மக்ஃபாடியன் அதை ஊக வாணிபங்களில் இறைத்துக்கொண்டிருந்தார். கம்பெனி முறிந்த அதே நாட்களில் அவர் ரயிலின் முன் பாய்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னைத் தலைவரான ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 1907-இல் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. தண்டனை கிடைத்தது, பணம் முழுவதும் திரும்பவில்லை.

பெயரில் 'கம்பெனி' என்றிருந்ததே தவிர, அது சில கூட்டாளிகளின் சொந்த வியாபாரம். வரவு செலவுக் கணக்கைப் பிரசுரிக்கும் கடமை அதற்கு இல்லை. கணக்கைக் கேட்கும் துணிவும் எவருக்கும் வரவில்லை. துரையிடம் கணக்குக் கேட்பதா என்ற கூச்சம் அக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. துரைகள் போன பின்பும் அது நம்மை விட்டபாடில்லை.

இராயபுரத்திலிருந்து 1856-இல் வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயிலை ஓட்டியவர்களும் முதலீட்டாளர்களே. அந்த மதராஸ் ரயில்வே கம்பெனியின் பங்குதாரர்களுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும், நூற்றுக்கு நான்கரை முதல் ஐந்து வரை வட்டி தருவதாகச் சர்க்கார் ஜாமீன் நின்றது. குறை விழுந்தால் நிரப்புவது இந்தியக் குடியானவனின் வரிப்பணம். ஆங்கிலேயனின் மூலதனத்துக்கு நஷ்டமே கிடையாதென்று ஏற்பாடு செய்த அதே ஆட்சியில், இந்தியனின் சேமிப்புக்குக் கேள்வி கேட்பாரில்லை.

அர்பத்நாட் முறிவதற்கு ஆறே நாட்களுக்கு முன்பு, அக்டோபர் 16-ஆந் தேதி, வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தூத்துக்குடியில் பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம். பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கிற்று. 1908-இல் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இங்கும் பணம் போயிற்று. ஆயினும் பங்கு வாங்கியவருக்கு எதிரி யாரென்று தெரியும். கடலில் போட்ட பணம் கரை சேராமலும் போகலாமென்று தெரியும். அறிந்து இழந்தவனையும் அறியாமல் இழந்தவனையும் ஒரே தட்டில் வைக்க நமக்கு மனமில்லை. அதற்காக, தேசபக்தியின் பெயரால் பெண்ணின் கலியாணப் பணத்தைப் பங்கில் போடுவது சரியென்றும் சொல்லமாட்டோம். போனால் அடுப்பெரிவது நிற்கும் என்ற பணம் எந்த வியாபாரத்துக்கும் மூலதனமாகாது.

எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்ட பின், வடசென்னையில் லாரி வைப்பதும், சரக்குப் பெட்டிக் கிடங்கு எடுப்பதும் பெருகியிருக்கின்றன. திருவொற்றியூரில் சேமிப்புள்ள ஒருவரிடம் பழகிய நண்பர் வந்து, "பணத்தைப் போடுங்கள், கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கேட்பவருக்குப் பெருமையாகவே இருக்கும். 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, கூட்டாளி போட்ட பணத்தை மட்டும் இழப்பதில்லை. கூட்டின் கடன் முழுவதற்கும் அவர் குடியிருக்கும் வீடும் பொறுப்பாகும். டிபாசிட்தாரரைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-இலும், இந்தியா முழுமைக்கும் 2019-இலும் சட்டங்கள் வந்துள்ளன. ஆனால் கூட்டாளி போடும் மூலதனம் 2019 சட்டத்தின்படி டிபாசிட் ஆகாது. பத்திரத்தில் 'கடன்' என்று எழுதியிருக்கிறதா, 'பங்கு' என்று எழுதியிருக்கிறதா என்ற ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறது. கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதைப் படிப்பவர் சிலரே.

1906-இல் இந்த அளவு சட்டப் பாதுகாப்புங்கூட இல்லை. அர்பத்நாட் வழக்கில் பணம் இழந்தவர்களுக்காக முன்னின்ற வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர், புலம்பியதோடு நிற்கவில்லை. நகரத்தார் செல்வர்களைக் கூட்டினார். இந்தியர்களே நடத்தும் ஒரு பாங்கியை, பங்குதாரர்களுக்குக் கணக்குச் சொல்லும் கம்பெனியாக, 1907 மார்ச்சு 5-ஆந் தேதி பதிவு செய்வித்தார். ஆகஸ்டு 15-ஆந் தேதி பாரி முனையில், பாரி கட்டிடத்தின் ஒரு பகுதியில், இந்தியன் பாங்கி கதவைத் திறந்தது. கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் இருந்த இடத்திலேயே பின்னாளில் அதன் தலைமை நிலையமும் எழுந்தது.