பிண்ணாக்கும் கடலைத் தொலியும்

எண்ணெய் நீங்கிய பிண்ணாக்கை மாட்டிற்கும் மண்ணிற்கும் உரியதென்றே நம்மவர் கொண்டு வந்துள்ளனர். அது தவறன்று. ஆயினும் நிலக்கடலைப் பிண்ணாக்கின் எடையில் ஏறத்தாழப் பாதி புரதமாகும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மைசூரில் 1950-ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், இப்பிண்ணாக்கு மாவு 75 பங்கும் கொண்டைக்கடலை மாவு 25 பங்கும் கலந்து, வைட்டமின்களும் சுண்ணச்சத்தும் சேர்த்துப் 'பல்நோக்கு உணவு' ஒன்றை ஆக்கினர். நிலக்கடலைப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு; அக்குறையைக் கொண்டைக்கடலை ஒருவாறு நிரப்புகிறது. மாட்டுத் தீவனப் பிண்ணாக்கை அரைத்தால் இம்மாவு கிடைத்துவிடாது. நல்ல பருப்பைத் தெரிந்தெடுத்து, கசப்புள்ள சிவப்புத் தோலையும் முளையையும் நீக்கி, தூய பொறியில் பிழிய வேண்டும்.

இனி, இதில் உள்ள பேரிடரைக் கூறுவோம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் பூத்த அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணமே காரணமெனப் பின்னர்த் தெளிந்தது. அதன் நஞ்சிற்கு அப்ளாடாக்சின் என்று பெயர். சமைக்கும் சூட்டில் அது முற்றும் அழியாது. எண்ணெய் பிழியுங்கால் அதன் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்; பசு உண்டால் ஒரு கூறு பாலிலும் இறங்கும். அப்பாலைக் குடிப்பவர் நம் குழந்தைகள் அல்லரோ?

ஆதலின் இத்தொழில் ஆலையில் அன்று, களத்தில் தொடங்குகிறது. உடைக்க எளிதென்று காயை நீர் தெளித்து நனைத்தல் தீய வழக்கம். விரைந்து உலர்த்தாத காயில் பூஞ்சணம் பற்றும். சுருங்கியதும் நிறம் மாறியதுமான பருப்பை 'செக்குக்கு ஆகும்' என்று தள்ளுவதும் அத்தகையதே. கழிவை உள்ளே விட்டு நல்ல பிண்ணாக்கை வெளியே எதிர்பார்ப்பது எவ்வாறு?

பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் காசிப்பால் என்னும் நச்சுப் பொருள் உண்டு. அசைபோடும் கால்நடை அதனை ஓரளவு தாங்கும், கோழி தாங்காது.

தொலியின் கதை வேறு. நெற்றின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கான இதில் புரதம் சிறிதே, நார் மிகுதி. நன்றாக உலர்த்தி நொறுக்கினால் திரவப் பூச்சிமருந்தை உறிஞ்சி ஏந்தும் பொருளாகும். எடை குறைந்தது, மண்ணில் மட்கிவிடுவது. சில களிமண் தூள்களின் மேற்பரப்பிலுள்ள அமிலத்தன்மை மருந்தையே சிதைத்துவிடுவதுண்டு.

சங்கங்கள் விற்க வேண்டியது தூளை மட்டுமே; மருந்து கலத்தல் உரிமம் பெற்ற ஆலையாரின் பணி. இடமில்லை என்று மருந்தேறிய குருணையையும் பிண்ணாக்கையும் ஒரே கிடங்கில் அடுக்குதல் கூடவே கூடாது. மருந்து வந்த சாக்கை உதறிவிட்டு அதில் பிண்ணாக்கு நிரப்புவோரைச் சங்கத்தார் உடனே தடுக்க வேண்டும்.