அக்ரூட் கட்டையும் ஆளிவிதை எண்ணெயும்



அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதிக் காடுகளில் கறுப்பு அக்ரூட் என்னும் மரம் வளர்கிறது. நம் காசுமீரத்தில் பருப்புக்காகப் பயிரிடப்படும் அக்ரூட்டுக்கு இது நெருங்கிய உறவு. அந்நாட்டு வேட்டைத் துப்பாக்கிகளின் கட்டை, அதாவது இரும்புக் குழாயைத் தாங்கித் தோளில் பதியும் மரப்பகுதி, நெடுங்காலம் இம்மரத்தாலேயே செய்யப்பட்டது. 1936-இல் வெளிவந்த வின்செஸ்டர் 70 என்னும் துப்பாக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாட்டனின் துப்பாக்கி பேரன் கைக்கு வரும்போது அதன் கட்டை மெருகிழந்து, பள்ளமும் கீறலும் பெற்றிருக்கும். அதனைச் செப்பனிடும் முறையை இன்று ஆராய்வோம். நம் நாட்டில் வேட்டையாடுதல் குற்றம். ஆயினும் இச்செய்முறையில் அடங்கிய அறிவு நம் வீட்டுக் கதவுக்கும் நாற்காலிக்கும் பொருந்துவதாகும்.

அக்ரூட் மரத்தை ஏன் தேர்ந்தெடுத்தனர்? அது அளவான கனமும் மிக்க உறுதியும் உடையது. ஈரம் ஏறி இறங்கும்போது அதிகம் நெளிவதில்லை. கட்டை நெளிந்தால் குழாயை ஒருபுறம் அழுத்தும், குறி தவறும். ஆகவே மெருகு என்பது அழகுக்கு மட்டும் அன்று. ஈரம் விரைந்து ஏறாமல் தடுப்பதும் அதன் பணியே.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்வதே முதல் வேலை. பின்னர் இரும்புப் பகுதிகளைக் கழற்றி, கட்டையைத் தனியே எடுப்பர். பழைய வார்னிஷைக் கரைப்பானால் இளக்கித் துடைத்து எடுத்தல் வேண்டும். கத்தியால் சுரண்டினால் மரமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்து, பள்ளங்கள். ஈரத் துணியைப் பள்ளத்தின்மேல் இட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், ஆவி உட்சென்று நசுங்கிய நார்களை உப்பச் செய்யும், பள்ளம் மேலெழும். ஆனால் நார் அறுபட்ட கீறலுக்கு இம்முறை பயன்படாது. நசுங்கியது மீளும், அறுந்தது மீளாது.

பிறகு உப்புத்தாளை ஒரு சிறு பலகைத் துண்டில் சுற்றி, நார் ஓடும் திசையிலேயே தேய்த்தல் வேண்டும். முதலில் சற்றுக் கரடான தாள், பின்னர் மேலும் மேலும் நுண்ணிய தாள். பிடிக்காகச் செதுக்கிய குறுக்கு வரிகளையும், இரும்போடு பொருந்தும் விளிம்புகளையும் தொடலாகாது. தேய்த்துக் கழித்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா? ஆதலால் குறைவாகத் தேய்ப்பவனே நல்ல வேலைக்காரன். இதன்பின் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் நுண்ணிய நார்கள் சிலிர்த்து நிற்கும். உலர்ந்தபின் அவற்றை மெல்ல நீக்கிவிட்டால், எண்ணெய் பட்டும் பரப்பு வழவழப்பாகவே இருக்கும்.

இப்போது ஆளிவிதை எண்ணெய். சில துளிகளை உள்ளங்கையில் விட்டுக் கட்டையில் தேய்த்து, மரம் உறிஞ்சாது எஞ்சியதைத் துடைத்துவிடுவர். நன்கு உலர்ந்தபின் மறுபூச்சு; இவ்வாறு பல பூச்சுகள். அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் பிசுபிசுப்பே மிஞ்சும்.

இந்த எண்ணெய் உலர்வது நீர் உலர்வதைப் போன்றதா? இல்லை. நீர் ஆவியாகிப் போய்விடுகிறது, எண்ணெயோ போவதில்லை. அதன் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் பல உள்ளன. அவ்விடங்களில் காற்றிலுள்ள பிராணவாயு சேர, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் இறுகுகின்றன. தேங்காயெண்ணெயில் இத்தகைய பிணைப்புகள் மிகக் குறைவு. ஆகவே அது இவ்வாறு இறுகுவதில்லை. இரு கண்ணாடித் தகடுகளில் இவ்விரு எண்ணெய்களையும் மெல்லியதாகத் தடவிச் சில வாரம் வைத்துப் பார்த்தால் வேற்றுமை தெரியும்.

இந்தப் பிணைப்பில் வெப்பம் பிறக்கிறது. கட்டையின் பரப்பில் அது காற்றோடு கலைந்துவிடும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்தாலோ, வெப்பம் உள்ளேயே தங்கிப் பெருகி, தீக்குச்சி இன்றியே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23-ஆம் நாள் பிலடெல்பியா நகரின் ஒன் மெரிடியன் பிளாசா என்னும் 38 மாடிக் கட்டடத்தில் நேர்ந்தது இதுவே. 22-ஆம் தளத்தில், மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து தீ எழுந்தது. தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்த 30-ஆம் தளத்தை எட்டிய பின்னரே அது தடைப்பட்டது. தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர்.

ஆகவே, வேலை முடிந்ததும் துணிகளை வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்துங்கள். அல்லது மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் நீர் நிரப்பி அதில் அமிழ்த்துங்கள். கட்டை பளபளப்பதைக் கண்டு மகிழ்வதற்கு முன் அந்தத் துணி எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். வேலை அப்போதுதான் முடிகிறது.