கத்தி படுமுன் ஒரு வேளை மருந்து

'பிளாஸ்டிக் ஸர்ஜரி' என்றதும் நம்மவரிற் பலர் சினிமா நட்சத்திரங்களின் மூக்கையே நினைத்துக் கொள்கிறார்கள். தீயில் வெந்த கைக்குத் தோல் ஒட்டுவதும், பிளந்த உதட்டோடு பிறந்த சிசுவின் முகத்தைச் சீராக்குவதும் அந்த வைத்தியந்தான். அறுபட்ட மூக்கை அமைக்கும் முறை சுசுருதர் நூலிலேயே இருக்கிறது. பூனாவில் நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைத்த விந்தையை 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்று வெளியிட்ட பிறகே ஆங்கில வைத்தியர்கள் அதைக் கைக்கொண்டனர். அந்தப் பெருமை இருக்கட்டும். நாம் சொல்ல வந்தது வேறு.

இத்தகைய சிகிச்சை முடிந்ததும், "ஐந்து நாளைக்காவது ஆண்டிபயாடிக் மாத்திரை கொடுங்கள், டாக்டர்!" என்று வீட்டார் மன்றாடுவதுண்டு. மறுக்கும் டாக்டரை அலட்சியக்காரர் என்றே கருதுகிறார்கள். ஆனால் அவர் மறுப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

1961-ல் பாஸ்டன் நகரத்து ரண வைத்தியர் ஜான் பர்க் தமது பரீட்சையை வெளியிட்டார். கினிப் பன்றிகளின் தோலில் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் மருந்து கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழையும்போதே மருந்து உடலில் தயாராக இருந்தால் புண் அடங்கி நின்றது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்ததோ கொடாததற்குச் சமமாயிற்று. திருடன் ஊரெல்லையைத் தாண்டிய பின் வாசலில் காவல் போட்ட கதைதான்! இதே பர்க்தான் பிற்காலத்தில் யானாஸ் என்பவருடன் கூடித் தீப்புண்ணுக்குச் செயற்கைத் தோல் சமைத்தவர்.

மனிதரிடமும் அப்படித்தானா? அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் பலவகை ஆபரேஷன் செய்துகொண்ட 2,847 பேரின் கணக்கு 1992-ல் வெளியாயிற்று. கத்தி வைப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில், ஆயிரத்துக்கு ஆறு பேருக்கே காயத்தில் கிருமி பற்றியது. அதற்கும் வெகு முன்னதாகப் பெற்றோரில் 38 பேர். மிகவும் பிந்திப் பெற்றோரில் 33 பேர்.

ஆகவேதான் உலக சுகாதார ஸ்தாபனம், மருந்து தேவையானால் அந்த இரண்டு மணிக்குள் கொடுக்கவும், ஆபரேஷன் முடிந்தபின் தடுப்புக்காக நீட்டாமலிருக்கவும் 2016-ல் யோசனை கூறிற்று. சிறு மச்சத்தை எடுப்பது போன்ற சுத்தமான காயத்துக்குப் பெரும்பாலும் அந்த ஒரு வேளையும் வேண்டியதில்லை. செயற்கைப் பொருளை உள்ளே வைக்கும்போது வழக்கமாகக் கொடுக்கிறார்கள். ஒரு வேடிக்கையான விலக்கும் உண்டு: மீண்டும் பொருத்திய விரலில் ரத்தம் தேங்கினால் இன்றும் அட்டை விடுகிறார்கள். அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற கிருமி குடியிருப்பதால், அது கடிக்கும் நாட்களில் மருந்தும் உடன் செல்ல வேண்டும்.

வீணாய் நீட்டிய மருந்து வயிற்றுப்போக்கையும் தடிப்பையும் உண்டாக்கக் கூடும். அதைவிடப் பெரிய தீங்கு, கிருமிகள் மருந்துக்குப் பழகி மசியாமற் போவது. பெனிஸிலின் கண்ட பிளெமிங் 1945-லேயே நோபல் பரிசுச் சொற்பொழிவில் இதை எச்சரித்தார்.

கவலையுள்ள குடும்பத்தார் செய்யக்கூடியவை வேறு உண்டு. புகைபிடிப்பவர் சிகிச்சைக்குச் சில வாரம் முன்பே அதை விடட்டும். நீரிழிவுக்காரர் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வரட்டும். வீட்டில் சவரக் கத்தியால் அவ்விடத்து ரோமத்தை வழிக்க வேண்டாம். பின்னர் காயம் சிவந்து வலி மிகுந்தாலோ, சீழோ ஜுரமோ கண்டாலோ, அது தடுப்பு விஷயமன்று; அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.