பிளாச்சிமடைக்குத் தர வேண்டிய பாக்கி

பிளாச்சிமடை என்றாலே வெற்றிக் கதையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆதிவாசிப் பெண்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், உலகத்தின் மிகப் பெரிய குளிர்பானக் கம்பெனி ஆலையை இழுத்து மூடிவிட்டுப் போனது என்று மேடைகளில் கேட்கிறோம். அவ்வளவும் உண்மைதான். ஆனால் அந்தக் கம்பெனி அந்த ஊருக்குக் கொடுக்க வேண்டிய பணம் இன்னும் வந்து சேரவில்லை. வெற்றி, வெற்றி என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பாக்கியை நாம் மறந்துபோனோம் என்பதுதான் என் ஆற்றாமை.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து மாநில எல்லையைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம். கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை இங்கே பெய்வதில்லை. மழைமறைவுப் பூமி. நெல்லும் தென்னையும் பரம்பிக்குளம் - ஆழியாறு வாய்க்காலையும் கிணறுகளையும் நம்பி நிற்பவை. வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். இங்கே பெருமாட்டி ஊராட்சியில் 34 ஏக்கர் நிலத்தில் இந்துஸ்தான் கோக-கோலா கம்பெனி 2000 மார்ச்சில் ஆலையைத் தொடங்கியது. ஊராட்சியே உரிமம் கொடுத்தது. வேலை வரும், வரி வரும் என்று நம்பினார்கள்.

வந்தது வேறு. குளிர்பானத்தில் சேரும் தண்ணீர் ஒரு பங்குதான். புட்டிகளைக் கழுவவும் இயந்திரங்களுக்கும் அதைவிடப் பல மடங்கு வேண்டும். ஆழ்துளைக் கிணறுகள் இரவும் பகலும் ஓடின. சுற்றியிருந்த குடியிருப்புகளில் கிணறுகள் கீழே இறங்கின. மிச்சமிருந்த தண்ணீரும் உவர்த்தது. அரிசி சரியாக வேகவில்லை, சோறு சீக்கிரம் கெட்டது, குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு என்று பெண்கள் சொன்னார்கள். இரவாளர், மலசர் குடும்பங்கள் பெரும்பாலும் வயல்கூலிகள். குடத்தோடு ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்து திரும்புவதற்குள் காலை வேலைக்குப் போகும் நேரம் தப்பிவிடும்; அன்றைய கூலி போச்சு. தண்ணீர்ப் பஞ்சம் ஏழை வீட்டில் முதலில் தின்பது கூலியைத்தான்.

மழை குறைந்ததுதான் காரணம் என்றது கம்பெனி. அந்த ஆண்டுகளில் மழை பொய்த்ததும் நிஜம். அப்படியே வைத்துக்கொள்வோம். மழை இல்லாத காலத்தில், மழைமறைவு ஊரில், நாளொன்றுக்கு லட்சக்கணக்கான லிட்டர் உறிஞ்சுவது எந்த நியாயத்தில் சேரும்?

கழிவு விஷயத்தை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. தண்ணீரை எடுத்ததற்காவது சட்டம், உரிமம் என்று ஏதோ ஒரு காகிதம் இருந்தது. ஆலையில் வெளியேறிய சேற்றுக் கழிவை உரம் என்று சொல்லி அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் கொடுத்தார்கள். அவர்களும் நம்பித் தென்னந்தோப்பிலும் வயலிலும் கொட்டினார்கள். 2003 ஜூலையில் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்று அந்தக் கழிவின் மாதிரியை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்தது. காட்மியமும் ஈயமும் இருந்தன. காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கழிவு ஆபத்தற்றது என்று கம்பெனி வாதாடியது. ஆனாலும் அதை இனி விவசாயிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அடுத்த மாதமே உத்தரவிட வேண்டியிருந்தது. ஆய்வகமும் வேதியியலாளர்களும் வைத்திருந்த ஒரு கம்பெனி, தன் கழிவில் என்ன இருக்கிறது என்பதைக் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா? இதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. பக்கத்துத் தோட்டக்காரனை மதித்திருந்தால் போதும்.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. விஜயநகர் காலனியைச் சேர்ந்த, இரவாளர் குலத்து மயிலம்மா அதன் முகமானார். கட்சி ஆட்கள் பின்னால்தான் வந்தார்கள். பந்தலில் முதலில் உட்கார்ந்தவர்கள் கூலிப் பெண்கள். 2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது.

அங்கே வந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2003 டிசம்பரில் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் மக்கள் எல்லோருக்கும் சொந்தம், அரசு அதன் காவலன் மட்டுமே என்றார். 34 ஏக்கரில் பயிர் செய்யும் ஒருவர் எவ்வளவு எடுப்பாரோ அவ்வளவுதான் கம்பெனிக்கும் என்று அளவும் வைத்தார். விவசாயி யாருக்கும் சட்டென்று பிடிபடும் கணக்கு அது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் நியாயமான அளவு நீர் எடுக்கலாம் என்று சொல்லி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டரை அனுமதித்தது. நிலம் யாருடையதோ அதன் அடியில் இருக்கும் நீரும் அவருடையதே என்ற வெள்ளைக்காரன் காலத்துச் சிந்தனை இது. வாளியால் இறைப்பவரையும் ஆழ்துளை மோட்டார் வைத்திருப்பவரையும் அது ஒரே தட்டில் நிறுத்துகிறது. நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. ஆழமாகத் துளைத்தவர் பக்கமே அது ஓடும்.

ஆலை அதற்கு முன்பே, 2004 மார்ச்சில், வறட்சியை முன்னிட்டு அரசு போட்ட தடையால் நின்றிருந்தது. பிறகு திறக்கவே இல்லை. 2007 ஜனவரியில் மயிலம்மா இறந்தார். ஆலையை மீண்டும் நடத்தும் எண்ணம் இல்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தில் கம்பெனி சொன்னதோடு வழக்கு முடிந்தது.

கணக்கு முடியவில்லை. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, கூடுதல் தலைமைச் செயலாளர் கே. ஜெயக்குமார் தலைமையில், 2010இல் சேதத்தை மதிப்பிட்டது: 216.26 கோடி ரூபாய். விளைச்சல் இழப்பு, கெட்டுப்போன நீர், உடல்நலக் கேடு எல்லாம் அதில் அடக்கம். தண்ணீர் தேடிப் போய் இழந்த கூலியையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். அதை வசூலிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் ஒருமனதாக நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக டில்லிக்குப் போன மசோதா, விளக்கம் மேல் விளக்கம் கேட்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்து, கடைசியில் ஒப்புதல் இல்லாமல் திரும்பி வந்தது. அந்தக் குழுவுக்கு அப்படி மதிப்பிட அதிகாரமே இல்லை என்பது கம்பெனியின் வாதம்.

இதே காலத்தில் கம்பெனி வேறொரு கணக்கை உலகத்துக்குக் காட்டியது. பானங்களில் சேரும் அளவுத் தண்ணீரை இயற்கைக்குத் திருப்பித் தருவோம் என்று 2007இல் உறுதி சொன்னது. 2016இல், முந்தைய ஆண்டில் 115 சதவீதம் திருப்பிவிட்டதாக அறிவித்தது. அந்தச் சதவீதத்தில், பானத்துக்கான சர்க்கரைக்காகக் கரும்பு குடித்த தண்ணீர் வராது. எங்கோ ஒரு நாட்டில் நட்ட மரமும் வெட்டிய குளமும் பெருமாட்டிக் கிணற்றில் ஒரு குடம் நீரைக் கூட்டாது. தண்ணீரின் கணக்கை எடுத்த ஊரில்தான் தீர்க்க முடியும்.

தமிழ்நாட்டுக்கும் இது தள்ளி நிற்கும் கதை இல்லை. பெருந்துறை சிப்காட்டில் கோக-கோலாவுக்கு ஒதுக்கிய நிலத்தை, விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பின் 2015இல் அரசு ரத்து செய்தது. கங்கைகொண்டானில் தாமிரபரணித் தண்ணீர் குளிர்பான ஆலைகளுக்குப் போவதை எதிர்த்த வழக்குகள் 2017இல் மதுரைக் கிளையில் தள்ளுபடியாயின. அந்த ஆண்டு மார்ச் முதல் இந்தப் பானங்களை விற்பதில்லை என்று நம் வணிகர் சங்கங்கள் அறிவித்தன. கடைக்காரர்கள் அன்று காட்டிய துணிவு பெரிது. அது நிலைக்கவில்லை என்பதும் கடைத்தெருவில் நடந்தால் தெரியும்.

2023இல் பிளாச்சிமடை நிலத்தையும் கட்டடத்தையும் கேரள அரசிடம் ஒப்படைக்கக் கம்பெனி முன்வந்தது. அதைப் பெருந்தன்மை என்று பாராட்டிய குரல்களும் உண்டு. நிலத்தைக் கொடுத்தது சரி. இழப்பீட்டுக்கு அது ஈடாகாது. கேரளச் சட்டமன்றம் டில்லியின் ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதி, மசோதாவைத் திருத்தி மறுபடியும் கொண்டுவர வேண்டும். 2010இல் போட்ட 216.26 கோடியை இன்றைய விலைவாசிக்குக் கணக்கிட்டு, வட்டியோடு கேட்க வேண்டும்.