கிரீன்ஸ்டெட் மர ஆலயத்தின் வயது

பழமையான தேவாலயம் என்றதும் கருங்கற் சுவர்களே பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் எசெக்ஸ் வட்டாரத்துச் சிப்பிங் ஓங்கர் என்னும் ஊருக்கு அருகே உள்ள கிரீன்ஸ்டெட் சிற்றூர் ஆலயமோ மரச் சுவர்களால் ஆனது. இன்றும் நிலைத்து நிற்கும் மரத் தேவாலயங்களுள் உலகிலேயே மிகத் தொன்மையானது இதுவெனப் பலரும் கூறுவர்.

ஓக் மரத் தண்டுகளை நெடுக்காகப் பிளந்து, தட்டையான பக்கம் உள்ளேயும் உருண்ட பக்கம் வெளியேயும் இருக்குமாறு நிறுத்தியுள்ளனர். பக்கங்களிலே காடி வெட்டி, மெல்லிய மரச் சட்டங்களைச் செருகிக் காற்றும் மழையும் புகாவண்ணம் இணைத்தனர். உட்புறத்தில் வாய்ச்சி செதுக்கிய தடங்களை இன்றும் காணலாம். பீடப் பகுதியின் செங்கற் சுவர்கள் சுமார் 1500-ம் ஆண்டில் எழுந்தவை.

கி.பி. 869-ல் டேனியரால் கொல்லப்பட்ட எட்மண்டு மன்னரின் உடலை, 1013-ல் இலண்டனிலிருந்து திரும்ப எடுத்துச் செல்லும் வழியில் இங்கே ஓரிரவு வைத்திருந்தனர் என்பது மரபு. 1960-ல் மரத்தை ஆராய்ந்தவர்கள் அதன் காலம் கி.பி. 845 என்றனர். மரபும் ஆராய்ச்சியும் ஒத்துப் போவதாகவே தோன்றியது.

ஆயின் 1995-ல் நிகழ்ந்த மறு ஆய்வு வேறு விடை தந்தது. மரம் ஆண்டுக்கொரு வளையம் இடும். மழை மிகுந்த ஆண்டில் வளையம் அகலும். வறண்ட ஆண்டில் குறுகும். இந்த வரிசையை, காலம் தெரிந்த பிற மரங்களின் வரிசையோடு பொருத்தினால் ஒவ்வொரு வளையத்திற்கும் ஆண்டு கிடைக்கும். கிரீன்ஸ்டெட் மரங்களில் எஞ்சிய கடைசி வளையம் 1053-ம் ஆண்டைச் சேர்ந்தது. வைரத்தைச் சூழ்ந்திருந்த மென்மரப் பகுதி அழிந்துவிட்டது. அதில் 10 முதல் 55 வளையங்கள் வரை இருந்திருக்கலாம். எனவே மரம் வெட்டப்பட்டது 1063-க்கும் 1108-க்கும் இடையே எனக் கணித்தனர்.

அப்படியானால் மன்னரின் உடல் இந்தச் சுவர்களுக்குள் தங்கியிருக்க இயலாது. எனினும் மரபு முழுவதும் பொய்யென்று தள்ளுதல் முறையன்று. பீடத் தரையின் கீழே, இதற்கும் முந்திய இரு மரக் கட்டடங்களின் அடையாளங்கள் அகழ்ந்து காணப்பட்டுள்ளன. தலம் பழமையானது, சுவர் அத்துணைப் பழமையானதன்று. தலத்தின் வயது வேறு, கட்டடத்தின் வயது வேறு என்பதே இதனால் பெறப்படுவது.

இவ்வுண்மை வெளிப்படக் காரணம் யாது? 1848-ல் ஆலயத்தைப் புதுப்பித்தபோது, மரங்களின் அடிப்பகுதி உளுத்துப் போயிருந்தது. அவற்றை அகற்றிவிட்டுப் புதுச் சுவர் எழுப்புதல் எளிது. அன்று அவ்வாறு செய்யாமல், உளுத்த அடியை மட்டும் வெட்டி நீக்கி, செங்கல் மேடையின்மேல் பழைய மரங்களையே நிறுத்தினர். அந்த மரங்களே பின்னாளில் சான்று கூறின.

இருநூறு ஆண்டு குறைந்ததால் ஆலயத்தின் பெருமை குன்றவில்லை. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற மரச் சுவருக்கு மிகையான புகழ் தேவையில்லை. பழைய கட்டடத்தைப் புதுப்பிப்போர் பழம்பொருளைக் காத்தல் வேண்டும். வரலாறு எழுதுவோர் அப்பொருள் கூறுவதை ஏற்றல் வேண்டும்.