தோட்டா ஏறாத துப்பாக்கி



துப்பாக்கியைப் பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் என்ன பேசப் போகிறான் என்று நீங்கள் வியக்கலாம். நான் வேட்டைக்காரனல்லன்; ஒரு கொக்கின்மீதும் குறி வைத்தவனல்லன். நம் நாட்டில் வனவிலங்குகளைக் காக்க 1972 ஆம் ஆண்டில் சட்டம் வந்தது; வேட்டை நம் இளைஞர்க்குரிய பொழுதுபோக்கும் அன்று. ஆயினும், வேட்டைத் துப்பாக்கி ஒன்றில் நேர்ந்த பழுதும், அப்பழுதின் காரணம் கண்டறியப்பட்ட முறையும், பல்லாண்டு கற்பித்தும் நான் முழுமையாகக் கல்லாத பாடம் ஒன்றை எனக்குக் கற்பித்தன. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

2019 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அந்நகருக்கு அருகே பெரிய உப்பு ஏரி உள்ளது. அதன் கரையோரச் சதுப்பு நிலங்களுக்கு ஆண்டுதோறும் வாத்துகள் கூட்டங்கூட்டமாக வரும். குறித்த பருவத்தில், உரிய அனுமதியுடன், அங்குள்ளோர் அவற்றை வேட்டையாடுவர். அடுத்த வீட்டுத் தச்சர் அத்தகையவர். அவர் தந்தை விட்டுச்சென்ற 12 போர் துப்பாக்கி ஒன்று, பல்லாண்டுகள் பெட்டியில் கிடந்தபின், அவ்வாண்டுதான் வெளியே வந்தது. வந்ததும் தொல்லை தந்தது. முதல் தோட்டா வெடிக்கும், அடுத்தது ஏறாது.

அத்துப்பாக்கியை உருவாக்கியவர் அதே ஆக்டன் நகரில் 1855 இல் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங் என்பார். தாமே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் இத்துப்பாக்கியைச் செய்துதர அவர் தம் நாட்டில் ஆலை தேடினார். பேசி முடிக்கச் சென்ற ஓர் ஆலையின் தலைவர், 1902 ஜனவரியில் சந்திப்பு நிகழுமுன்னரே மாரடைப்பால் இறந்தார். பிரௌனிங் பெல்ஜியத்துக்குக் கப்பலேறினார். ஆட்டோ ஐந்து என்று பின்னாளில் பெயர்பெற்ற அத்துப்பாக்கி, 1998 வரை உற்பத்தியில் இருந்தது.

அது இயங்கும் வகையைச் சிறிது கருத்தூன்றிக் கேளுங்கள். குண்டுகள் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி, நீங்கள் அறிந்ததே. அவ்வுதையைப் பிரௌனிங் வேலை வாங்கினார். வெடித்தவுடன் குழலும், அதன் பின்வாயை அடைத்து நிற்கும் தாழும் ஒன்றாகப் பின்னோக்கி நகர்கின்றன. இறுதிவரை சென்றதும் தாழ் பின்னே நின்றுவிடுகிறது. குழல் மட்டும் சுருள்வில்லின் விசையால் முன்னே திரும்புகிறது. அப்போது வெற்றுக் கூடு பக்கவாயில் வழியே வெளியே தெறிக்கிறது. பின்னர், குழலின்கீழ் உள்ள தோட்டாக் குழாயிலிருந்து புதிய தோட்டா வந்து தூக்கி என்னும் தகட்டின்மேல் விழுகிறது. தூக்கி அதனை உயர்த்த, தாழ் முன்னே பாய்ந்து வெடியறைக்குள் தள்ளுகிறது. இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்துவிடும்.

தச்சர், “அடுத்த தோட்டா வரவில்லை, ஆகவே தோட்டாக் குழாயின் சுருள்வில் தளர்ந்துவிட்டது” என்று முடிவு செய்தார். புதிய சுருள்வில் வாங்கிப் பொருத்தினார், பயனில்லை. அங்கே நீர்ப்பறவை வேட்டையில் மூன்று தோட்டாக்களுக்குமேல் கொள்ளாதவாறு குழாய்க்குள் ஒரு கட்டை செருகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அக்கட்டை தடுக்கிறதோ என்று அதனையும் இழைத்தார்; பயனில்லை. ஒருநாள் மாலை, தூக்கியை அராவி மெல்லியதாக்கும் எண்ணத்துடன் அரத்தைக் கையில் எடுத்தார். அராவிய எஃகு மீண்டும் வளருமோ?

நான் துப்பாக்கி அறியாதவன். ஆயினும் அறிவியல் கற்பித்த பழக்கத்தால் ஒன்று கேட்டேன்: “அடுத்த தோட்டா வராதபோது, பழைய கூடு எங்கே இருக்கிறது?”

அவர் சற்று எண்ணிப் பார்த்தார். “பக்கவாயிலில் பாதி வெளியே, பாதி உள்ளே சிக்கி நிற்கிறது” என்றார். சொல்லியவுடனே அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

இங்கேதான் பழுது காணும் நெறி விளங்குகிறது. தோட்டா ஏறவில்லை என்னும் ஒரே குறைக்கு மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம். கூடு வெளியேறவில்லையெனில், குழல் முழுத் தொலைவும் பின்னே செல்லவில்லை என்பது பொருள். உதையின் விசை போதவில்லை. கூடு வெளியேறியும் புதிய தோட்டா வரவில்லையெனில், தோட்டாக் குழாயை ஆராய வேண்டும்: சுருள்வில் தளர்ந்திருக்கலாம், குழாய் நசுங்கியிருக்கலாம், தோட்டா ஈரத்தில் ஊறிப் பருத்திருக்கலாம். தோட்டா தூக்கியின்மேல் வந்தும் வெடியறைக்குள் புகவில்லையெனில், வெடியறையின் அழுக்கையோ, தாழைத் தள்ளும் சுருள்வில்லையோ நோக்க வேண்டும். தச்சரின் துப்பாக்கியில் நோய் முதற்படியில். அவர் மருந்திட்டதோ இரண்டாம் படிக்கு.

விசை ஏன் போதவில்லை? அதற்கு விடை தோட்டாவில் இருந்தது. நீரடியில் கிடந்த ஈயக் குண்டுகளை விழுங்கிப் பறவைகள் நஞ்சேறி மடிந்தமையால், 1991 முதல் அமெரிக்கா எங்கும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் விலக்கப்பட்டது. எஃகுக் குண்டுகளோ பழைய பெல்ஜியக் குழல்களுக்கு ஆகா. ஆதலின் தச்சர் பிஸ்மத் குண்டுகள் இட்ட மெல்லிய தோட்டா வாங்கியிருந்தார். தந்தை இட்டது 35 கிராம் ஈயம். மகன் இட்டது 28 கிராம். குண்டின் எடை குறைந்தது, உதையும் குறைந்தது.

பிரௌனிங் இதனை முன்பே எண்ணியிருந்தார். தோட்டாக் குழாயைச் சுற்றியுள்ள சுருள்வில்லின் முன்னே வெண்கலத்தாலான உராய்வுத் துண்டு ஒன்று உண்டு. அது குழாயைக் கவ்விப் பிடித்து உதையைத் தணிக்கும். அதனுடன் ஓர் எஃகு வளையமும் உண்டு. வளையத்தை வெண்கலத் துண்டுக்கும் சுருள்வில்லுக்கும் இடையே வைத்தால் பிடி இறுகும். அது வலிய தோட்டாவுக்கு உரியது. சுருள்வில்லின் பின்முனைக்கு மாற்றினால் பிடி தளரும். அது மெல்லிய தோட்டாவுக்கு உரியது. தந்தை வலிய தோட்டாவுக்கு வைத்த வளையம் வைத்தபடியே இருந்தது. போதாக்குறைக்குப் பழைய எண்ணெய் குழாயின்மேல் பிசினாக உறைந்திருந்தது.

இரண்டையும் ஒருங்கே சரிசெய்ய அவர் கை நீண்டது. “ஒன்றை மாற்றிப் பாருங்கள், பிறகு மற்றதை” என்றேன். முதல்நாள் பிசினை மட்டும் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவினார். சுடும் பயிற்சித் திடலில் ஐந்தில் இருமுறை கூடு சிக்கியது. மறுநாள் வளையத்தையும் மாற்றினார். பத்தும் தடையின்றிச் சென்றன. இரண்டும் காரணம் என்பது தெளிவாயிற்று. வலிய தோட்டா இடும் நாளில் வளையத்தைப் பழைய இடத்துக்கு மாற்ற மறந்தால், குழல் பின்னே மோதி மரப்பிடியைப் பிளந்துவிடும். ஆகவே அதனையும் ஒரு தாளில் எழுதித் துப்பாக்கிப் பெட்டியில் ஒட்டினார்.

அவரிடம் நான் கண்ட மற்றொரு பண்பையும் சொல்ல வேண்டும். எத்தனை முறை சோதித்தாலும், துப்பாக்கியின் வாயை ஆளில்லாத் திசைக்கே வைத்துத் தோட்டா அனைத்தையும் நீக்கி, வெடியறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பின்னரே கழற்றுவார். வீட்டில் இயக்கிப் பார்க்க மருந்தில்லாப் போலித் தோட்டாவையே இடுவார். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், தோட்டா தாமதித்து வெடிக்கவுங்கூடும் என்று அரை நிமிடம் வாயைத் திருப்பாமல் காத்திருப்பார். வெடியோசை மெலிந்து கேட்டால் அடுத்தது சுடமாட்டார். குழலுக்குள் அடைப்பு நின்றிருந்தால் அடுத்த வெடியில் குழலே பிளந்துவிடும் அல்லவா?

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். வாய்ப்பாட்டைத் தவறாமல் ஒப்பிப்பான். தேர்வில் கழித்தல் கணக்குகளில் தவறுவான். ஓராண்டு முழுவதும் மாலைதோறும் அவனை நிறுத்திவைத்துக் கழித்தல் கணக்கே போடச் செய்தேன். அவன் பள்ளியைவிட்டு நின்ற பின்னரே, அவன் தங்கை வாயிலாக ஒன்றை அறிந்தேன்: வினாத்தாளில் இருந்த வாக்கியங்களை அவனால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்ததாம். கழித்தல் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. கணக்கு அவனைச் சென்று அடையவேயில்லை. எந்தப் படியில் தடை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தச்சர் உரிய நேரத்தில் அரத்தைக் கீழே வைத்தார். நான் வைக்கவில்லை. நீங்கள் பொறியாளராகலாம், மருத்துவராகலாம், என்னைப்போல் ஆசிரியராகவும் ஆகலாம். குறை கண்ணில் படும் இடத்திலேயே அதன் காரணமும் இருக்கும் என்று எண்ணி அரத்தை எடுக்குமுன், ஒரு படி பின்னே சென்று பாருங்கள்.