கையைத் திருப்புவது யார்?



போன வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்து என் வலது முன்கையில் ரெண்டு எலும்பும் உடைந்தது உங்களில் பலருக்குத் தெரியும். என் மாவுக்கட்டில் பேனாவால் கிறுக்கினவங்களும் இதைப் படிச்சுக்கிட்டு இருப்பீங்க. ஆனால் கட்டுப் பிரித்த பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது.

கட்டுப் பிரித்து மூணு வாரத்தில் முழங்கை நன்றாக மடங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் கடையில் அண்ணாச்சி மீதிச் சில்லறை கொடுத்தார். கையை நீட்டினேன். உள்ளங்கை மேலே பார்த்துத் திரும்பவே இல்லை, பக்கவாட்டில் அப்படியே நின்றது. சில்லறை எல்லாம் கீழே கொட்டிவிட்டது. “கையை ஒழுங்கா நீட்டுப்பா” என்றார். நான் ஒழுங்காகத்தான் நீட்டினேன்!

‘மடக்க முடியுது, திருப்ப மட்டும் ஏன் முடியல?’ இந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

மூன்று எலும்புகள்

தோளிலிருந்து முழங்கை வரை இருப்பது ஒரே எலும்பு. அதன் பெயர் ஹியூமரஸ். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ரெண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ்.

மேஜையில் ஊன்றும்போது இடிக்கிற முழங்கை முனை அல்னாவின் மேல்முனைதான். அது கொக்கி மாதிரி வளைந்து ஹியூமரஸின் அடிமுனையைப் பிடித்திருக்கிறது. கதவுக் கீல் மாதிரி ஒரே திசையில் மடங்கும், நீளும். அதனால் இதைக் கீல் மூட்டு என்கிறோம். கையை முழுக்க நீட்டினால் அந்தக் கொக்கி ஹியூமரஸின் பின்பக்கக் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் கை பின்பக்கமாக மடங்காது.

செய்து பார் - 1

இங்கேயே நின்று செய்யலாம். பக்கத்தில் நிற்கிறவங்களை இடிச்சிடாதீங்க! முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வையுங்கள். உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்புங்கள். பிறகு கீழே பார்க்கத் திருப்புங்கள். இன்னொரு கையால் முழங்கை முனையைத் தொட்டுக்கொண்டே செய்யுங்கள். அந்த முனை திரும்புகிறதா? இல்லை. அல்னா கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கிறது. அப்போ திரும்புவது யார்? ரேடியஸ்தான்!

டாக்டர் ரெண்டு பென்சிலை எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். உள்ளங்கை மேலே பார்க்கும்போது ரெண்டு எலும்பும் இப்படித்தான் இணையாக இருக்குமாம். உள்ளங்கையைக் கீழே திருப்பினால் ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்கே போய்ப் பெருக்கல் குறி மாதிரி ஆகிவிடும். ரேடியஸின் மேல்முனை வட்டமாக இருக்கும். அதைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு தசைநார் இருக்கிறது. அந்த மோதிரத்துக்குள் ரேடியஸ் சுழல்கிறது.

“ரெண்டு எலும்பும் கோணலா ஒட்டியிருந்தா, ஒண்ணு மேல ஒண்ணு சுத்தி வர முடியாது. கை திரும்பாமலே போயிடும்” என்றார் டாக்டர். எனக்குப் பயமாகிவிட்டது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “உனக்கு நேராத்தான் ஒட்டியிருக்கு. ரொம்ப நாள் கட்டுக்குள்ள இருந்ததால இறுகிப் போயிருக்கு. பயிற்சி செய்தா வரும்” என்றார். அப்போதுதான் மூச்சு வந்தது.

செய்து பார் - 2

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் மடக்க முன்பக்கம் தசைகள், நீட்டப் பின்பக்கம் முத்தலைத் தசை. முன்பக்கம் உருண்டு நிற்கும் இருதலைத் தசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. முழங்கையை மடக்கி, அந்தத் தசையின் மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டு, உள்ளங்கையை அழுத்தமாக மேலே திருப்புங்கள். தசை கல் மாதிரி ஆகிறதா? அது ரேடியஸில் போய் ஒட்டியிருப்பதால் கையைத் திருப்பவும் செய்கிறது.

இப்போது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டுங்கள். உள்ளே ஏதோ ஓடுகிறதா? விரல்களுக்குள் தசை கிடையாது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறு மாதிரி விரலுக்குப் போகின்றன.

இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்?

இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத வந்தேன். நான் விழுந்த அன்று ஒரு இடத்தில் மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். ராத்திரி விரல் எல்லாம் வீங்கிச் சில்லென்று ஆகிவிட்டது. யாராவது விரலை நீட்டினால் உயிர் போகும் வலி. “எலும்பு உடைஞ்சா வலிக்கத்தான் செய்யும், காலையில பார்க்கலாம்” என்றார்கள். என் அக்காதான் விடவில்லை. ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வைத்தாள். அங்கே முதல் வேலையாகக் கட்டை வெட்டி எடுத்தார்கள்.

முன்கைத் தசைகளைச் சுற்றி நீளாத உறை ஒன்று இருக்கிறது. உள்ளே வீக்கம், வெளியே இறுக்கமான கட்டு என்றால் ரத்தம் போக முடியாது. சில மணி நேரம் அப்படியே இருந்தால் தசை செத்துவிடும். பிறகு அது சுருங்கி விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியே நின்றுவிடும். ஃபோல்க்மன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1881-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அதனால் நண்பர்களே, யாராவது விழுந்து கையில் அடிபட்டால்:

1. இழுக்காதீங்க, எண்ணெய் போட்டு உருவாதீங்க.
2. வீங்குவதற்கு முன்னால் வளையல், மோதிரம், வாட்சைக் கழற்றுங்கள்.
3. கை இருக்கிற நிலையிலேயே அட்டையோ மடித்த செய்தித்தாளோ வைத்துத் தளர்வாகக் கட்டி, துண்டால் கழுத்தில் தொங்கவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
4. கட்டுப் போட்ட பிறகு நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் ரெண்டு விநாடியில் சிவக்க வேண்டும். விரல் நீலமானாலோ, மரத்துப் போனாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

உங்களுக்குத் தெரியுமா?

★ ஒரு கையில் தோளுக்குக் கீழே மொத்தம் 30 எலும்புகள்.

★ பூக்காரம்மா அளக்கும் முழம், முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை.

★ முழங்கையின் உள்பக்கம் இடித்தால் ஷாக் அடிக்குமே, அது எலும்பு அல்ல, அல்னார் நரம்பு. அதனால்தான் சுண்டுவிரல் வரை ஜிவ்வென்று ஏறுகிறது.

★ சின்னக் குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ரேடியஸின் தலை அந்த மோதிரத் தசைநாரிலிருந்து நழுவிவிடும். இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள்.

நான் தினமும் காலையும் மாலையும் கையில் ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். முதலில் கண்ணீரே வந்தது. நாலு மாதம் ஆனது. போன வாரம் அதே கடையில் அண்ணாச்சி கொடுத்த சில்லறையை உள்ளங்கையில் வாங்கினேன். ஒண்ணுகூடக் கீழே விழவில்லை.

இந்தப் பக்கத்தையும் அதே கையால்தான் எழுதியிருக்கிறேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் மன்னிச்சிடுங்க. அது உடைந்ததால் அல்ல, முன்னாடியே அப்படித்தான்!

– 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு